எழுபத்தெட்டு நாள் கூலி

பாண்டிசெல்விக்கு நான் எழுபத்தெட்டு நாள் கூலி கடன்பட்டிருந்தேன். அது கடன் என்று பதினாறு வருஷமாக எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ராஜபாளையத்தில் ஒற்றைத் தையல் மெஷினை வாடகைக்கு எடுத்து நைட்டி தைக்க ஆரம்பித்தேன். இன்று என் கம்பெனியில் நாற்பத்திரண்டு மெஷின் ஓடுகிறது. பேங்க் மேனேஜர் எழுந்து நின்று, வாங்க தவசிமுத்து அண்ணாச்சி என்று வணக்கம் சொல்கிறார். இதைச் சொல்லாமல் செல்வியின் கதையைச் சொல்ல முடியாது. அவள் தொழில் பழகியது என்னிடம்தான்.

சோழபுரத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா ஆவுடையம்மாள் பருத்தி எடுக்கப் போவாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு செல்வி என்னிடம் வந்து சேர்ந்தாள். பழகுகிற மூன்று மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது எங்கள் தொழில் வழக்கம். என் முதலாளி எனக்குத் தரவில்லை, நானும் யாருக்கும் தந்ததில்லை. முதலில் நூல் பிசிறு வெட்டினாள், பிறகு மடிப்புத் தைத்தாள், மூன்றாவது மாதம் முழு நைட்டியே தைத்தாள். பஸ்ஸுக்கு அம்மா கொடுத்த சில்லறையில்தான் தினமும் வந்துபோனாள். நான்காவது மாதம் சம்பளம் போட்டேன். இன்று அவள்தான் என் சூப்பர்வைசர். அவள் பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆல்வின் என்று ஒரு பையன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். சொந்தத்தில் பாதிப்பேர் இன்னும் அங்கேதான். ஆல்வினும் அவன் வயதுப் பிள்ளைகள் முப்பது பேரும் மாதம் முந்நூறு ரூபாய் போட்டு, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்து வந்தார்கள். பொம்பளைகளுக்கு ஒரு கைத்தொழிலும் இருக்கட்டும் என்று அங்கேயே தோட்டத்து நிர்வாகம் கொடுத்த ஓர் அறையில் பத்து மெஷின் வாங்கிப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்கச் செல்வி ஒத்துக்கொண்டாள். வாரத்தில் மூன்று நாள் ஆல்வின் கடை மாடியில் உட்கார்ந்து வீடியோ காலில் பழக்குவாள். சம்பளம் பிடிக்காமல் அனுப்பி வைத்தவன் நான். அந்தப் பக்கம் மாரியாத்தாள் என்ற பெண், நூல்கண்டில் போனைச் சாய்த்து, ஊசி ஓடுவது தெரிகிற மாதிரி வைப்பாள்.

அந்தத் தையல் வகுப்பின் தொடக்க விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழகுகிற காலத்தில் காசைக் கண்ணில் காட்டாதீர்கள், கவனமெல்லாம் காசில் போய்விடும் என்றேன். நன்றாகக் கைதட்டினார்கள். பழகுகிறவர்களுக்குத் தினப்படி தருவதாக நோட்டில் எழுதி வைத்திருந்ததை ஆல்வின் அன்றைக்கே அடித்துவிட்டான்.

தையல் பழக வந்தால் அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக முடியாது; போகாத நாளுக்கு அங்கே கூலி கிடையாது. இரண்டே மாதத்தில் பதினைந்து பேரில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். எட்டுப் பேருக்குக் கீழே குறைந்தால் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தோட்டத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் மாரியாத்தாளும் இன்னொருத்தியும், அரிசிக்கு வழியில்லை, இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் செல்வி என் அறைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளையளுக்குப் பழகுத கூலி குடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒனக்கு நான் குடுத்தேனா, ஏட்டி? நீ என்ன கெட்டா போயிட்ட?"

செல்வி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் பழகுதப்ப, மூணாவது மாசம், எங்கம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில ஒரு நைட்டி எடுத்துட்டு வந்துச்சு. தொண்ணூறு ரூவா. பருத்தி எடுத்த காசு. கை மூட்டுன எடம் கோணியிருந்துச்சு. அது என் கோணல், அண்ணாச்சி. நான் சும்மா தச்சத எங்கம்மா காசு குடுத்து வாங்கியிருக்கு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா வேலை இருந்திருக்குமா?"

இருந்திருக்காது. எனக்குத் தெரியும். எவன் காசும் எனக்கு ஓசியில் வந்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆவுடையம்மாள் பருத்தி எடுத்த காசு என் மேஜை டிராயருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்டேன். யோசிக்காமல் எழுபத்தெட்டு என்றாள். அன்றைக்கு ஹெல்பர் கூலி அறுபது ரூபாய், அதுவே போதும் என்றாள்.

"அறுவது ரூவாக் கணக்கெல்லாம் சின்னக் கம்பெனிக்காரன் போடுவான். தவசிமுத்து இன்னைய கூலிதான் போடுவான். நானூத்தம்பது."

முப்பத்தையாயிரத்து நூறு வந்தது. அங்கே ஒன்பது பேருக்கும் ஒரு மாதத் தினப்படிக்குப் போதும், அதற்குள் அவர்கள் தைத்த முதல் உருப்படி விலைக்குப் போய்விடும் என்றாள். உன் காசு, என்னமும் செய் என்றேன். ஆல்வினுக்குப் போன் போட்டு, அடித்த வரியைத் திரும்ப எழுதச் சொன்னேன்.

கவரில் போட்டு ஒளித்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளை மெஷின்கள் ஓடுகிற இடத்துக்கே கூட்டிப்போனேன். புதிதாகப் பழக வந்திருந்த இரண்டு பெண்கள் கத்தரியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். செல்வி கையை விரித்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி வைத்தேன். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது. அதற்கு மேல் ஒரு நூறு ரூபாய்.