கரடியம்மாவின் சொந்தக் குரல்

எங்க அக்காவை டப்பிங் ஸ்டுடியோவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கரடியம்மாதான். குழந்தைங்க படத்துல கரடி, வாத்து, ராணி, எந்த அம்மா வந்தாலும் குரல் இவளோடது. கூட்டமாக் கத்தற குரல்களுக்கு நான். எல்லாப் படமும் ஒரே கதை. குட்டி கோவிச்சுக்கிட்டு ஓடும், பள்ளத்துல விழும், அம்மா "மன்னிச்சுடு கண்ணே"ன்னு சொல்லும், கட்டிப்பிடிச்சுக்கும், உடனே பாட்டு. அட போங்கடா!

இவ பெத்த பொண்ணு வீட்டை விட்டுப் போய் மாசக்கணக்காச்சு. படிப்பை நிறுத்திட்டேன்னு வந்து நின்ன அன்னிக்கு, "இனிமே என் வாசப்படி மிதிக்காதே"ன்னு கத்தினா அக்கா. எங்க தங்கியிருக்கான்னுகூட எங்களுக்குத் தெரியாது.

போன வாரம் எனக்குப் போன் வந்துச்சு. "சித்தி, ஞாயித்துக்கிழமை வந்து என் துணியெல்லாம் எடுத்துக்கறேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அன்னிலேருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளல. "எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போனாப் போதும்டி"ன்னு ஒரே புலம்பல். கூட்டின வீட்டையே திரும்பத் திரும்பக் கூட்டினா.

பொண்ணு வந்தா. பையை நிரப்பிட்டு, அம்மா முன்னாடி நின்னு தானாவே ஆரம்பிச்சா.

"அன்னிக்கு ஏன்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா. நீ கேக்கவே இல்ல."

அக்கா அசையாம அவ உதட்டையே பாத்தா. எனக்குப் பகீர்னுச்சு. திரையில குட்டி எப்ப வாயை மூடும், நாம எப்ப ஆரம்பிக்கலாம்னு காத்திருக்கற பார்வை அது. உதடு மூடினதுதான் தாமதம், தேன் ஒழுக வந்துச்சு: "மன்னிச்சுடு கண்ணே. அம்மாவுக்கு நீதான் உலகம்."

கரடி குரல்!

"நான் சொன்னதைக் கேட்டியா, இல்ல என் வாயைப் பாத்துக்கிட்டிருந்தியா?" பொண்ணு பையைத் தூக்கிட்டு விடுவிடுன்னு படி இறங்கிட்டா.

"மரமாட்டம் நிக்கறியே, பேசித் தொலையேன்!" நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். அக்கா மாடிப்படிக்கு ஓடி எட்டிப் பாத்தா. தொண்டை கட்டி, கரகரன்னு, கேக்கவே சகிக்காத குரல்.

"ஏன்டி நிறுத்தினே?"

கீழே காலடிச் சத்தம் நின்னுச்சு.

"இப்பச் சொல்ல வரலம்மா. அப்புறம் போன் பண்றேன்."

எங்க இருக்கான்னு சொல்லல. கட்டிப்பிடிக்கவும் இல்ல. கேட் சாத்தற சத்தம் கேட்டுச்சு.

இப்ப ஸ்டுடியோவுல தினம் சண்டை. குரல் பதியற ரூமுக்குள்ள போன் கூடாது. அக்கா மடியிலேயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அதுவும் சத்தத்தைக் கூட்டி வெச்சு.

"நடுவுல அடிச்சுதுன்னா எல்லாம் வீணாயிடும்மா"ன்னு ரெக்கார்டிங் அண்ணன் கெஞ்சறார்.

"அடிக்கட்டும்ணே"ங்கறா அக்கா. "அடிச்சாப் போதும்."