பெட்ரோல் முள்ளுக்கு வீட்டுக்காரர் எதற்கு?

என் பழைய காரில் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் முள் காலி என்றே காட்டுகிறது.

நானே பின்சீட்டைத் தூக்கி, டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி கார் பாடியில் தொட்டுப் பார்த்தேன். முள் முழுசாக ஏறியது. அப்படியென்றால் மீட்டர் சரி, டேங்குக்குள் இருக்கும் மிதவையில்தான் கோளாறு.

இன்று நல்லூர் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன்.

"மீட்டரையே மாத்தோணுங்க. உங்களுக்குப் புரியாதுங்க. ஊட்டுக்காரருக்கு ஃபோன் போடுங்க."

போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க. அவகிட்டயே கேளுங்க" என்றார் என் கணவர்.

"பரவால்லீங்க சார், சாயங்காலம் நீங்களே வாங்க, பேசிக்கலாம்" என்றார் மெக்கானிக், என் முகத்தைப் பார்க்காமலே.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் கொதிக்கிறது.

எங்கள் ஊர் மண்ணரைப் பக்கம், கார் ஓட்டுகிறவரிடமே பேசத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.