பூதக்கண்ணாடி தேடிய திருடன்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மனைவி நீட்டும் காபியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். மரபணு எழுத்துவரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்க முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, "இந்தப் பெட்டி சொல்றதை எப்படிய்யா நம்புறது?" என்று முறைத்தவரும் அவர்தான்.

படாத பாடுபட்டு எழுத்தெழுத்தாகப் படித்தெடுத்த புதிய மரபணுவை ஒருநாள் அதில் தட்டித் தேடவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் அதே வரிசை ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதாகத் திரை காட்டியது. ஓரெழுத்துகூடப் பிசகவில்லை.

எவனோ திருடிவிட்டான்! பக்கத்து மேசைக்காரர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தது. கடைசியில் புரோகிராம் எழுதிய பெண்ணிடமே பாய்ந்தார்.

"என் வரிசையை உள்ள போட்டது யாரும்மா?"

"நீங்கதான் சார். பெட்டி ஒழுங்காத் தேடுதான்னு சோதிக்க, போன மாசம் நீங்களே பொய்ப் பேர்ல போட்டீங்க. அழிக்க மறந்துட்டீங்க."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்போ, நான் போடுறதை நீ பார்த்துக்கிட்டா இருந்தே?"