மேற்குப் பால்கனியில் ஒரு சூரிய உதயம்

அக்காவின் கணவர் கன்னியாகுமரியில் கட்டியிருக்கும் ஹோட்டலின் விளம்பர வீடியோ இன்று வெளிவந்தது.

நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சினன் நான் இருக்க, படமெடுக்க வந்தது கொச்சிக் குழு.

கேட்டதற்கு அத்தான் சொன்னார்: "நீ கல்யாணப் படம் எடுக்கியவன் மக்கா. இது வேற வேலை. நீ பால்கனியில இருந்து காப்பி குடி, போதும். வீடியோவுல விருந்தாளி நீதான்."

வீடியோவில் சூரிய உதயம் வேண்டும் என்றும் சொன்னார். ஹோட்டலின் எல்லாப் பால்கனிகளும் மேற்கே பார்த்தவை. அதைச் சொல்லி விருந்தாளிக்கு எதற்கு வம்பு?

கொச்சி இயக்குநர் அசரவில்லை. "அஸ்தமனத்த எடுத்துத் திருப்பி ஓட்டலாம் சார். யாருக்கும் தெரியாது."

அன்று மாலையே எடுத்தார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

வீடியோவில் சூரியன் கடலிலிருந்து அழகாக எழுகிறது. அலைகள் கரையை விட்டு ஓடுகின்றன. காக்கைகள் பின்பக்கமாகப் பறக்கின்றன. நான் வாய் வைக்க வைக்க, கண்ணாடித் தம்ளரில் காப்பி நிறைந்துகொண்டே வருகிறது.

குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா கேட்டிருக்கிறார்: "ஏலே, குடிக்கியா, துப்புகியா?"

அந்த ஹோட்டல் காப்பியைப் பற்றிய என் அபிப்பிராயத்தை நானே எடுத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. கொச்சிக்காரர்கள் திறமைசாலிகள்தான், இல்லையா?