முக்கால் நொடி

வளையலைக் கழற்றுகிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். காதில் ஆடுகிற தொங்கட்டானையும் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து ஒலிப்பதிவாளரின் மேசையில் வைக்கிறார். பிறகு பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து நின்றபடியே மென்று விழுங்குகிறார். பசியெல்லாம் இல்லை. "வெறும் வயித்தோட உள்ள போனா, நான் பாடுறதுக்கு முன்னாடி அது பாடிடும்" என்பது அவர் தரும் விளக்கம். மைக் இருக்கும் அறைக்குள் சத்தம் போடக்கூடிய எதையும் அவர் அனுமதிப்பதில்லை, தன் வயிறு உட்பட.

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் ட்ராக் அக்கா. படத்துக்கு ஒரு பாட்டு உருவாகும்போது முதலில் யாராவது ஒருவர் பாடிக் கொடுக்க வேண்டும். அதை ஒலிக்கவிட்டுத்தான் படப்பிடிப்பில் நாயகி வாயசைப்பார். அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டுதான் பெயர்பெற்ற பாடகி வந்து பாடிவிட்டுப் போவார். அதோடு முதல் குரலின் வேலை முடிந்தது, அழித்துவிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாக அப்படி அழிந்துகொண்டிருக்கும் குரல் அக்காவுடையது. "நான் ப்ரைமர்தான். பெயின்ட் பின்னால வரும்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். வேறு யாரும் பரிதாபப்பட்டுத் தொலைக்கக் கூடாது அல்லவா?

பாட்டு வரிகளை எவ்வளவு அழகாக அச்சடித்துக் கொடுத்தாலும் தன் கையால் ஒருமுறை எழுதினால்தான் அவருக்குத் தொண்டை திறக்கும். எழுதி முடித்ததும் எங்கெங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பென்சிலால் குட்டிக் குட்டிப் புள்ளி வைப்பார். பஸ்ஸில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக மூச்சு வாங்கிப் பழகுவார். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டதும், எதிர் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் உண்டு. அக்கா மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேல் ஸ்தாயி என்றால் அவருக்கு மேல்மாடி, அவ்வளவுதான் ஞானம். ஆனாலும் வீட்டில் அக்கா பாடாத நாளில் "தொண்டை கட்டிருக்கா?" என்று கேட்கிற முதல் ஆள் அவர்தான்.

சென்ற வருடம் ஒரு படம் வந்து சேர்ந்தது. வீடு மாற்றும் லாரி ஓட்டுகிற ஒருத்தி, சாமான் ஏற்றி இறக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாட்டுக்குழு தொடங்கும் கதை. முதலில் இருந்து கடைசிவரை அந்த ஓட்டுநர்ப் பெண்தான் எல்லாம். கேலியும் கும்மாளமுமான பாட்டுகள். அதில் ஒன்றைப் பாடும்போது, 'ரோடு என்னுது, ஹாரன் என்னுது, ஓரமா நில்லு மாப்பிள்ளை' என்ற வரியில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலை அவர் பஸ்ஸுக்கு ஓடியபோது, பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு வழிவிட்ட கணவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். சிரிப்பை அடக்க ஒரு மூச்சு இழுத்து, அதற்குப் பிறகு 'மாப்பிள்ளை' என்றார். அங்கே அவர் புள்ளியே வைத்திருக்கவில்லை.

இசையமைப்பாளருக்கு அது பிடித்துப்போயிற்று. "இந்தத் தடவை உங்க குரலே இருக்கட்டும்க்கா. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க" என்றார். அக்காவும் யாரிடமும் மூச்சு விடவில்லை, கணவரையும் மகளையும் இரண்டு தங்கைகளையும் எதிர்வீட்டு டீச்சரையும் தவிர. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாட்டு வெளியான அன்று கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, உன் பாட்டு!" என்று செல்போனை நீட்டினாள். முதல் வரியிலேயே வேறு குரல். தெரிந்த பெயர் இருந்தால்தான் பாட்டு விற்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். அதை அக்காவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மகள் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா முழுப் பாட்டையும் கேட்டார். "நல்லாத்தான் பாடியிருக்காங்க. மேல போற இடம் என்னவிட சுத்தம்" என்றார். பொய்யில்லை. வலித்ததும் பொய்யில்லை. நாலு நாள் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. கணவர் இந்த முறை தொண்டையைப் பற்றி விசாரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒலிப்பதிவாளர் போன் செய்தார். ரொம்பவும் தயங்கினார். படத்தில் நாயகி அக்காவின் குரலுக்குத்தான் வாயசைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அடக்கும் மூச்சையும் விடாமல் பிடித்து நடித்திருக்கிறார். புதிய பாடகியோ அந்த வரியை ஒரே மூச்சில் பாடிவிட்டார். இப்போது திரையில் மூச்சு தெரிகிறது, காதில் கேட்கவில்லை. பழைய ட்ராக்கிலிருந்து வெட்டி எடுக்கலாமென்றால் ஏ.சி. இரைச்சலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பாடகி வெளிநாட்டில் இருக்கிறார்.

"ஒரே ஒரு மூச்சு வேணும்க்கா. முக்கால் செகண்ட்தான்."

பாட்டு இல்லை, மூச்சு மட்டும். அக்காவுக்கு வந்த கோபத்தில் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த நாயகிப் பெண் அவ்வளவு கவனமாகத் தன்னைக் கேட்டிருக்கிறாளே என்ற எண்ணத்தை விட மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போனார். கணவரும் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, "அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

வளையல், கடிகாரம், தொங்கட்டான், பிஸ்கட். எல்லாம் ஆயிற்று. காதில் அந்தப் பாடகியின் குரல் ஓடியது. இடம் வந்தது. அக்கா மூச்சு இழுத்தார். ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். இன்னொருமுறை. மூன்றாவது முறை அவர் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, இது பெருமூச்சு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேருக்காகச் சிரித்தும் அழுதும் பாடியவருக்குத் தன்னுடைய ஒரு சிரிப்பு வரமாட்டேன் என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கணவர் தெரிந்தார். ஒலிப்பதிவு நடக்கும்போது சத்தம் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மனிதர் இரண்டு கன்னத்தையும் பலூனாக உப்பி, முகம் சிவக்க, மூச்சையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் மேளமே அடித்தாலும் மைக்குக்குக் கேட்காது. அது அவருக்குத் தெரியாது.

சரியாக அந்த இடம் வந்தது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சு இழுத்தார்.

ஒலிப்பதிவாளர் கட்டை விரலை உயர்த்தினார். "சார், நீங்களும் மூச்சு விடலாம்" என்றார்.

தான் ட்ராக் பாடிய படங்களை அக்கா தியேட்டரில் பார்ப்பதில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் மகள் விடாப்பிடியாக மத்தியானக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பாட்டு வந்தது. லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நாயகி பாடினாள். 'ஓரமா நில்லு' என்றாள். முக்கால் நொடி. 'மாப்பிள்ளை' என்ற சொல் வருவதற்கு முன்பே தியேட்டர் சிரித்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த காட்சிகளை அக்கா பார்க்கவில்லை. இருக்கையில் அப்படியே முழுதாகத் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்வரிசைகளில் இன்னும் சிரிப்பு அடங்காத முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.