லொறியில் வந்த பந்தயக் கார்

தொண்ணூறுகளில் ஒருநாள், லண்டன் விம்பிள்டனில் ஒரு கோயில் வாசலுக்கு எங்கள் ஊர் அண்ணை ஒருவர் தன் பழைய சிவப்பு இத்தாலியக் காரைப் பூசைக்காக லொறியில் கொண்டுவந்தார். கோட்டின் கையால் அதைத் துடைத்தபடியே நின்றார். ஐயர் சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தார். கார் ஓடாது என்பதால், அவற்றை நசிக்க நாங்கள்தான் தள்ளினோம்.

“ரேஸ் வெண்ட கொம்பனியின்ர கார் எண்டியள், அண்ணை,” என்று ஒருவர் சிரித்தார்.

“ஓம், வெண்டதுதான். ஓட்டின பெடியள் கனபேர் செத்தும் போச்சினம்.”

தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று நான் தயங்கிச் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. மகன் போன கிழமைதான் லைசென்ஸ் எடுத்தவன். இது இப்பிடியே கிடக்கட்டும்.”

காரை லொறியில் ஏற்றியபின் என்னிடம் திரும்பி வந்து, அந்த மெக்கானிக்கின் நம்பரை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.