அப்பாவுக்குக் காவலாக அனுப்பிய பிள்ளை

இந்தச் சபையில் பல பேர் என்னைப் பொறுமைசாலி என்கிறீர்கள். குதிரை ரேஸ் பைத்தியம் பிடித்த மனுஷனோடு குடும்பம் நடத்தினாளே என்று பரிதாபப்படுகிறீர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. நடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. சேக்காட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஆவடியில் ஃபாக்டரி வேலை. வாரம் முழுக்க நல்ல மனுஷன். கிண்டியில் ரேஸ் நடக்கிற நாளில் மட்டும் அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில் ஐந்து வயது ஸ்டெல்லாவைக் கூடவே அனுப்ப ஆரம்பித்தேன். பிள்ளை பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் திரும்புவார் என்று நினைப்பு.

"அப்பா கைய உடாத. நீதான் அப்பாவ பத்திரமா இட்டுனு வரணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவேன். பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டுவாள். வீட்டில் குதிரைப் பெயர்களைப் பாட்டாகப் பாடுவாள். ஞாயிறு பள்ளி வசனம் வாயில் வராது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, அவரோடு போயிருந்த நண்பர் செல்வம் மட்டும் ஓடி வந்தார். "அக்கா, பாப்பாவக் காணோம். அண்ணன் அங்கயே தேடிகினு கீறாரு." என் கணவர் நம்பிப் பணம் கட்டின குதிரை ஜெயித்ததாம். அந்தச் சந்தோஷத்தில் பிள்ளையின் கையை விட்டாராம்.

ஸ்டெல்லாவுக்கு அடுத்த கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். ஜெபிக்க வாய் வரவில்லை. அவரைத் திட்டத்தான் வந்தது. கிண்டி நெருங்க நெருங்க அந்தத் திட்டெல்லாம் என்னையே குத்தியது. "ஆண்டவரே, அவர் கையைத்தான் விட்டார். அவளை அங்கே அனுப்பினது நான். என் பாவத்தைப் பிள்ளைமேல் வைக்காதேயும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

மைதான வாசலில் அவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது குதிரை லாயத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா ஸ்டெல்லாவை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். குதிரை பராமரிக்கிறவரின் மனைவி.

"புல்லுக்கட்டு பின்னால குந்திகினு அழுதுச்சி. ஊரு இன்னா, ஊடு எங்கன்னு கேட்டா வாயே தொறக்கல. இப்பதான் சொல்லுது, அப்பாவத் தொலச்சிட்டேன், அம்மா அடிக்கும்னு. கொழந்தகிட்ட இன்னாம்மா சொல்லி அனுப்பின?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் கைய உடலம்மா. அப்பாதான் ஓடிட்டாரு."

என் பிள்ளை என்னிடம் வரப் பயந்தாள். அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் அன்றோடு விட்டார் என்று சொன்னால் பொய். மறுபடியும் போனார், தனியாக. நான் பிள்ளையை அனுப்பவில்லை; முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஒரு சனிக்கிழமை பாதி வழியில் வில்லிவாக்கத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். "அவ மொகத்த மூடிகினதுதான் கண்ணுலயே நிக்கிது. போவ முடியல" என்றார். பிறகு போகவே இல்லை.

ஸ்டெல்லாவுக்குத்தான் நாளானது. அப்பா கடைக்குக் கிளம்பினாலும் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். "நீ இருடா கண்ணு, அவரே வருவாரு" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பாரத்தை இறக்கினேன். தேவன் அவளைத் திருப்பித் தந்தார். அவள் மனசையும் ஆற்றினார்.

தாய்மாரே, வீட்டு ஆண்பிள்ளையைத் திருத்தக் குழந்தையை அனுப்பாதீர்கள். நீங்களே ஆண்டவரிடம் போங்கள். என்னைப்போல ஒருத்தியின் குரலையே கேட்டவர், உங்களுக்கா காதை மூடிக்கொள்வார்?